எலி மூச்சை நிறுத்தியதா, பெட்டி நிறுத்தியதா? தூக்க அப்னியா பதிவில் வரும் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

இரவு பத்தரைக்கு ஒரு போன். ஆய்வு மாணவி. "அண்ணா, பகல் பதிவைத் திறந்து பார்த்தனான். மூன்றாம் பெட்டி எலிக்கு மணித்தியாலத்துக்குத் தொண்ணூறு அப்னியா காட்டுது. கட்டுரைக்குப் போடலாம் போல இருக்கு."

"எலியை வேறு பெட்டிக்கு மாத்திப் பார்த்தீங்களா தங்கச்சி?"

"இல்லை அண்ணா."

மறுநாள் மாற்றினோம். எலி ஐந்தாம் பெட்டிக்குப் போனது, தொண்ணூறு அப்னியாவும் மூன்றாம் பெட்டியிலேயே தங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த காற்று வெளியேறும் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. முழுதாக அடைபடவில்லை. ஆனால் உள்ளே அமுக்கம் ஏறி, சென்சரின் எல்லையை உரசிக்கொண்டு நின்றது. எல்லையைத் தொட்ட போதெல்லாம் கோடு ஒரு கணம் தட்டையாக, மென்பொருள் அதை மூச்சு நின்றதாக, அதாவது அப்னியாவாக, எண்ணிவிட்டது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். எங்களுக்குப் பிறந்தது தொண்ணூறு பொய் அப்னியா.

திருகோணமலையில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இந்தப் பெட்டிகளோடு சில வருடம் மல்லுக்கட்டியதில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பெட்டி என்று நான் சொல்வது எலியை (ஆய்வுகூடச் சுண்டெலியை) மயக்காமல், கட்டிப்போடாமல் மூச்சை அளக்கும் முழுவுடல் பிளெதிஸ்மோகிராஃபியை: மூச்சோடு பெட்டிக்குள் அமுக்கம் மாறும், சென்சர் அதைத் திரையில் கோடாகக் காட்டும். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: எலியையும் பெட்டியையும் மாற்றிப் பாருங்கள். கோளாறு எலியோடு போனால் எலியைப் பாருங்கள். பெட்டியோடு நின்றால் பெட்டியைப் பாருங்கள். எல்லாப் பெட்டியிலும் இருந்தால் அறையைப் பாருங்கள்.

கோடு தட்டையாகக் கிடக்கிறது

எலி உள்ளே மீசையை ஆட்டிக்கொண்டு இருக்கிறது, திரையில் கோடு மட்டும் செத்துக் கிடக்கிறது.

மூடியிலிருந்து தொடங்குங்கள். மூடிக்குள் இருக்கும் றபர் வளையத்தில் ஒரு மயிரோ படுக்கைத் தூளோ சிக்கினாலே காற்று கசியும். வளையத்தைக் கழற்றி, விரலால் சுற்றிவரத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விரலுக்குத் தெரியும். ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். அவசரத்துக்கு வாசலின் பூசுகிறவர்கள் உண்டு, வேண்டாம். இயற்கை றபரை அது ஊதவைத்துவிடும்.

அடுத்தது சென்சருக்குப் போகும் மெல்லிய குழாய். மடிந்திருக்கிறதா, உள்ளே நீர்த்துளி இருக்கிறதா? குளிரூட்டிய அறைக்குள் வெளியிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக் கொடுத்தால் குழாயில் வியர்க்கும். ஒரு துளி போதும், குழாய் அடைத்தது போலத்தான். கழற்றி உதறி உலர்த்துங்கள். காற்று உள்ளே வரும் வழியில் சிலிக்கா ஜெல் குப்பி ஒன்றைப் பொருத்துங்கள். நிறம் மாறியதும் மணியைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம்.

பிறகு இணைப்பிகள். பக்கத்து ஊருக்கே உப்புவெளி என்று பேர். அந்த உப்பு செப்பைச் சும்மா விடாது. பிளக்கை இழுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள், ஊசியின் அடியில் பச்சைக் களிம்பு தெரியும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பாவிக்காத உதிரி இணைப்பிகளை இறுக்கி மூடும் போத்தலில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். மேசை லாச்சியில் கிடந்தால் ஆறு மாதம் தாங்காது.

இவ்வளவும் சரி என்றால் ஊசிச் சோதனை. எலியை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். காற்று வரும் வழி, போகும் வழி இரண்டையும் அடைத்து, சிரிஞ்சால் 0.2 மில்லிலீற்றர் காற்றைத் தள்ளிப் பிடியுங்கள். கோடு துள்ளி ஏறி, சற்று இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். அந்தச் சற்று இறங்குவது கசிவு இல்லை, அமுக்கிய காற்றின் சூடு ஆறுவது. நிற்காமல் பூச்சியம் வரை சரிந்தால் கசிவு. மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசினால் எங்கே கொப்பளிக்கிறது என்று தெரியும். துள்ளவே இல்லையென்றால் அந்தச் சென்சரை நன்றாக வேலை செய்யும் இன்னொரு பெட்டியின் வாயில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் செத்துக் கிடந்தால் கருவி விற்ற நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் தகடு மெல்லியது. திறந்து ஊதிப் பார்த்துக் கெடுத்த ஒன்றுக்கு நானே சாட்சி.

எல்லா எலிக்கும் அப்னியா கொட்டுகிறது

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். எப்படிக் கொட்டுகிறது என்று பார்த்துப் பிரியுங்கள்.

*எல்லாப் பெட்டியிலும் ஒரே கணத்தில் வந்தால்*

ஐந்து எலி ஒரே செக்கனில் மூச்சை நிறுத்தாது. அறைக்கதவு அடிபட்டிருக்கும், குளிரூட்டி நின்று திரும்பத் தொடங்கியிருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் போய் யூபிஎஸ் மாறிய இடைவெளியாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் அறைக்கதவின் அடி இடுக்கால் காற்று புகுந்து ஐந்து கோடும் சேர்ந்து ஆடும். கதவடியில் பழைய சாரத்தைச் சுருட்டி வைத்தோம், அடங்கியது. ஒப்பீட்டுக்கென்று ஒரு வெற்றுப் பெட்டி வைத்திருந்தால் இன்னும் நல்லது. எலியே இல்லாத பெட்டியில் அப்னியா விழுந்தால் விவாதம் தேவையில்லை.

*ஒரு பெட்டியில் மட்டும் வந்தால்*

காற்றோட்டம். அளவியில் எண் சரியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். வெளியேறும் குழாய் நுனியைத் தண்ணீர்க் கோப்பைக்குள் ஒரு கணம் வைத்துக் குமிழி ஒரே சீராக வருகிறதா பாருங்கள். குமிழி விட்டு விட்டு வந்தால் குழாயில் எறும்பு, குளவி, பூஞ்சணம் ஏதாவது இருக்கும். வெளி நுனிக்கு நைலோன் வலைத்துண்டு கட்டுவதற்குப் பத்து ரூபாய் ஆகாது.

*எலியோடு கூடவே போனால்*

இங்கேதான் பொறுமை வேண்டும். எலியைக் குறை சொல்ல முன்னர் மென்பொருளின் வரையறையைத் திறந்து பாருங்கள். மனிதனுக்கு 10 செக்கன் மூச்சு நின்றால்தான் அப்னியா. தூங்கும் சுண்டெலி செக்கனுக்கு 2, 3 தரம் மூச்சு விடும் சீவன், அதற்கு அரைச் செக்கனே பெரிது. சில ஆய்வுகூடங்கள் 0.5 செக்கன் என்று வைக்கின்றன, சில சராசரி மூச்சு நீளத்தின் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று வைக்கின்றன. எதை வைத்தாலும் எல்லா எலிக்கும் அதையே வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

மடங்குக் கணக்கில் ஒரு பொறி உண்டு. எலி மோப்பம் பிடிக்கும்போது மூச்சு மிக வேகமாகிவிடும். முந்திய சில மூச்சுகளின் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால், மோப்பம் முடிந்து வரும் சாதாரண மூச்சே நின்றது போலத் தெரியும். விழித்திருக்கும் நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு எண்ணுங்கள், பாதி காணாமற் போகும்.

அலை உயரத்துக்கு வைத்த கீழெல்லையையும் பாருங்கள். கனவுத் தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைந்து ஒழுங்கில்லாமல் போகும். எல்லை உயரமாக இருந்தால் சின்ன மூச்சுகள் எல்லாம் இல்லாத மூச்சாகிவிடும்.

அப்புறம் பெருமூச்சு. எலி இடையிடையே ஒரு பெரிய மூச்சு இழுக்கும், அதன் பின்னால் ஒரு நிறுத்தம் வரும். உண்மையான நிறுத்தம்தான், ஆனால் பெருமூச்சு இல்லாமல் தானாக வரும் அப்னியாவோடு அதைச் சேர்த்து எண்ணக்கூடாது. தனி நிரலில் போடுங்கள். ஆய்வுகூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் சி57 கறுப்பெலிக்கு இது இயல்பிலேயே கூட. அந்த இனத்தை வேறு இனத்தோடு ஒப்பிட்டுவிட்டு "மருந்தால் வந்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு பதிவிலும் முதல் 20 நிகழ்வைக் கண்ணால் பாருங்கள். அதில் ஐந்துக்கு மேல் பொய் என்றால் அந்த எண்ணிக்கையைத் தூக்கி வைத்துவிட்டு அமைப்பைத் திருத்துங்கள். இது என் சொந்தக் கணக்கு, புத்தகக் கணக்கு இல்லை.

ஒரு அப்னியாவும் விழவில்லை

இதைப் பார்த்து ஒருவரும் போன் பண்ணுவதில்லை, அதுதான் வில்லங்கம். ஒரு எலியிலும் ஒன்றும் இல்லையென்றால் எலி நலமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

எலி தூங்கியதா? சுண்டெலி வெளிச்சத்தில் தூங்கும், இருட்டில் ஓடித்திரியும். விளக்கை இயக்கும் சுழல் டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் எங்கள் எலிகளுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாமற் போனது. பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். நேரம் பிசகியிருந்தால் டைமரைத் திருத்தியதும் பதிவைத் தொடங்க வேண்டாம், எலியின் உடல் புது நேரத்துக்கு வர ஒரு வாரமாவது விடுங்கள். புதுப் பெட்டியில் போட்ட எலியும் முதல் நாள் சரியாகத் தூங்காது. திருவிழாக் காலத்தில் வெடி கொளுத்தும் நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

தூங்கியும் ஒன்றும் இல்லையென்றால் காற்றோட்டம் குறைந்து காபனீரொட்சைட்டு தேங்கியிருக்கிறதா பாருங்கள். தேங்கினால் எலி ஆழமாக, வேகமாக மூச்சு விடும், மூளையின் கட்டளை வராமல் மூச்சு நிற்கும் மைய வகை அப்னியா மறைந்துவிடும். அடையாளம் சுலபம்: மூச்சு வேகமும் ஆழமும் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். உடனே மூடியைத் திறந்து எலியை எடுங்கள். அன்றைய பதிவு போனது போனதுதான்.

அலை சிறுத்துக்கொண்டே போகிறது, அல்லது கோடு மேலும் கீழும் நீந்துகிறது

எங்கள் ஊருக்கென்றே உள்ள கோளாறு இது. பெட்டி அளப்பது எலி இழுக்கும் காற்று உடம்புக்குள் சூடாகி ஈரமாவதால் வரும் அமுக்க மாற்றத்தை. வெளிக்காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் மாற என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 பாகை, 50 சதவீத ஈரப்பதனில் வரும் அலையின் பாதிகூட 33 பாகை, 80 சதவீதத்தில் தேறாது. எலி அதே மூச்சைத்தான் விடுகிறது.

ஆகவே வெப்பமானியும் ஈரப்பதமானியும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். சுவரில் தொங்குவது சுவரின் கதையைத்தான் சொல்லும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் அளவு திருத்தம் செய்யுங்கள். சிரிஞ்சை மெதுவாகத் தள்ளாமல் எலி மூச்சு விடும் வேகத்திலேயே, செக்கனுக்கு 2, 3 தரம், தள்ளி இழுங்கள்.

கோடு பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் குளிரூட்டியின் வேலை. அதன் காற்று நேரே பெட்டியில் விழாமல் ஒரு தடுப்பு வையுங்கள். எங்களுக்குக் காலி அட்டைப்பெட்டி ஒன்று போதுமாக இருந்தது. அதிலும் அடங்காவிட்டால் குளிரூட்டி திருத்துகிறவரைக் கூப்பிடுங்கள். எங்களிடம் வந்தவர் அறையைப் பார்த்ததுமே, "தம்பி, இந்தச் சின்ன அறைக்கு இவ்வளவு பெரிய மெசினை ஆர் போடச் சொன்னது? டக்கெண்டு குளிராக்கிப்போட்டு நிண்டிடும், ஈரத்தை இழுக்க அதுக்கு நேரமே இல்லை" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இன்வேட்டர் வகைச் சின்னது ஒன்று மாட்டிய பிறகு கோடு நேராயிற்று. செலவு பெரிதுதான், ஆனால் அதற்கு முன் வீணாக்கிய பதிவுகளைக் கணக்குப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று தெரியவில்லை

மண்டையில் மின்முனை வைத்த எலி என்றால் மூளை மின்னலைப் பதிவான ஈ.ஈ.ஜி.யில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். போன் சார்ஜரைக் கழற்றுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள், எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்தில் எர்த் கொடுங்கள். போகவில்லையென்றால் கட்டடத்தின் எர்த்தையே சந்தேகிக்க வேண்டும். அது மின்பொறியாளரின் வேலை, நீங்கள் தொட வேண்டாம்.

ஒரு எலியில் மட்டும் அலை மறைந்துவிட்டால் மின்முனையைப் பிடித்திருக்கும் பல் சீமெந்து தளர்ந்து திருகாணி அசைந்திருக்கும். அதை ஒட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் விலங்கு வைத்தியரிடம் காட்டுங்கள்.

மின்முனை இல்லாவிட்டால் வீடியோ போதும். 40 செக்கன் தொடர்ந்து அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று எடுப்பது பலரும் ஏற்கும் வழி. ஆனால் கனவுத் தூக்கத்தை அது பிரித்துக் காட்டாது.

மைய வகையா, அடைப்பு வகையா?

மூளையிலிருந்து கட்டளை வராமல் மூச்சு நிற்பது மைய வகை. கட்டளை வந்து, நெஞ்சு இழுத்தும், தொண்டை மூடிக்கொண்டால் அடைப்பு வகை. முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக முடிந்தால் கலப்பு.

கோடு முழுத் தட்டையாக இருந்தால் மைய வகை, சின்னச் சின்ன நெளிவு இருந்தால் அடைப்பு வகை என்று சிலர் பெட்டிக் கோட்டை மட்டும் பார்த்துப் பிரிப்பார்கள். அதற்கு ஒரு அடிப்படை உண்டு. தொண்டை மூடியிருந்தாலும் நெஞ்சு விரியும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் அமுக்கம் மாறும். ஆனால் இதயத் துடிப்பும் உடல் அசைவும் அதே அளவு நெளிவைக் காட்டும். நான் அதை நம்பி எழுதமாட்டேன்.

சோதனை ஒன்றுதான்: எலி முயன்றதா என்று தனியாக அளப்பது. மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தில் ஈ.எம்.ஜி. (தசை மின்னலை) மின்முனை வைத்து, பெட்டிக் கோட்டோடு ஒரே நேரத்தில் பதிய வேண்டும். கோடு நின்று உதரவிதானமும் ஓய்ந்தால் மைய வகை. கோடு நின்றும் உதரவிதானம் உழைத்துக்கொண்டிருந்தால் அடைப்பு. ஆனால் இரண்டு கருவியின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியில் ஒரு தட்டுத் தட்டி, அந்தத் தட்டு இரண்டு பதிவிலும் ஒரே இடத்தில் விழுகிறதா எனப் பார்த்தால் தெரியும். அரைச் செக்கன் பிசகினாலே மையம் அடைப்பாகவும் அடைப்பு மையமாகவும் மாறிவிடும்.

"சாதாரண ஒல்லி எலியில் அடைப்பு வகையே வராது, வந்தால் கருவிப் பிழை" என்று எழுதித் தள்ளவும் முடியாது. இத்தாலியின் போலோஞாவில் 2021 இல் வந்த ஆய்வு, உதரவிதான மின்முனை வைத்துப் பார்த்து, எலிகளுக்குக் கனவுத் தூக்கத்தில் அடைப்பு அப்னியா இயல்பாகவே வருகிறது என்றும் டவுன் நோய்க்குறி எலி மாதிரியில் அது இன்னும் அதிகம் என்றும் காட்டியது. உங்களுக்கு அடைப்பு வகைதான் வேண்டும் என்றால் பருத்த எலி இனங்களோடு வேலை செய்யப் பாருங்கள். நியூசிலாந்துப் பருத்த எலிக்கு மேல்மூச்சுப் பாதை ஒடுக்கம் உண்டு.

உதரவிதான மின்முனை வைப்பது சத்திர சிகிச்சை. காணொளி பார்த்துப் பழகும் வேலை இல்லை. செய்து பழகிய ஒருவரும், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், வலி நிவாரணியும், பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாத ஓய்வும் இல்லாமல் தொடாதீர்கள். உரோமம் சிலிர்த்து, முதுகு கூனி ஒரு மூலையில் குந்தியிருக்கும் எலியை அன்றே வைத்தியர் பார்க்க வேண்டும். அதன் மூச்சை அளந்து பயனும் இல்லை.

ஒட்சிசன் இறங்கவில்லை

அப்னியாவால் உடலுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் பார்க்கிறவர்கள் மூச்சைத் தொடாமல், பெட்டிக்குள் நைதரசனை விட்டு ஒட்சிசனை விட்டு விட்டுக் குறைப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு சுற்று, 21 சதவீதத்திலிருந்து 5, 6 வரை என்பது வழக்கமான ஓட்டம். அது 12 இலேயே நின்றுவிட்டால்:

சிலிண்டர் தீர்ந்திருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், அதுதான் அதிகம். பிறகு மூடிக் கசிவு. பிறகு வால்வு: கையால் தொட்டால் ஒவ்வொரு சுற்றிலும் "டிக்" என்று விரலில் படும், படாவிட்டால் சுருள் போய்விட்டது. கடைசியில் ஒட்சிசன் சென்சர். அது ஒரு பற்றரி மாதிரி, ஓரிரு வருடத்தில் தீர்ந்துபோகும். வெளிக்காற்றில் பிடித்தால் 20.9 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மாற்றுங்கள். பெட்டியில் எலி இருக்கும்போது இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பிழையான சென்சர் 6 என்று காட்டும்போது உள்ளே 2 ஆகக்கூட இருக்கலாம்.

ரெகுலேட்டரில் "உஸ்" என்று சத்தம் கேட்டால் நீங்களே இறுக்கப் போகாதீர்கள், காஸ் கொடுக்கிறவரைக் கூப்பிடுங்கள். நைதரசனுக்கு மணமில்லை, குளிரூட்டிய மூடிய அறையில் ஆளுக்கே ஆபத்து. சுவரில் ஒட்சிசன் அலாரம் ஒன்று இல்லாமல் சிலிண்டரை அறைக்குள் எடுக்கவே வேண்டாம். அது 19.5க்குக் கீழே காட்டினால் எலியைப் பார்க்காமல் வெளியே வாருங்கள், கதவைத் திறந்து விடுங்கள். யாராவது உள்ளே விழுந்து கிடந்தாலும் பின்னால் ஓடிப்போகாமல் தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990 அழையுங்கள்.